பொக்கைவாய்க் கத்தி

பல் போனால் சொல் போயிற்று என்பது பழமொழி. இது மனிதருக்கு மாத்திரமல்ல, கத்திக்கும் பொருந்தும். வாயில் ஒரு பொக்கை விழுந்துவிட்டால் அப்புறம் அதை யாரும் மதிப்பதில்லை. சமையலறைக் கத்தியானால் தேங்காய் கீறவாவது உதவும். சவரக் கத்தியோ அதற்கும் லாயக்கில்லை. எறியவும் மனம் வராமல், வைத்துக்கொள்ளவும் வழி தெரியாமல், யாராவது அதை ஒரு துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிடுவார்கள்.

சென்ற கோடை விடுமுறையில், கிராமத்து வீட்டின் பரணைச் சுத்தம் செய்யும் உத்தியோகம் நமக்குக் கிடைத்தது. உபாத்தியாயருக்கு விடுமுறை என்றால் வீட்டாருக்கு ஓர் ஆள் மிச்சம் என்பது உலகறிந்த விஷயந்தானே? தகரப் பெட்டியொன்றில், பழைய பஞ்சாங்கங்களுக்கும் வில்லை உதிர்ந்த மூக்குக் கண்ணாடி ஒன்றுக்கும் அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றியபடி ஒரு மடக்குக் கத்தி கிடந்தது. கைப்பிடியின் இரு பக்கமும் எருமைக் கொம்பு. அதில் ஒரு பக்கத்தைப் பூச்சி அரித்துச் சல்லடையாக்கியிருந்தது. அலகு முழுவதும் துரு. அலகுக்கும் வாலுக்கும் நடுவேயுள்ள கழுத்தில், துருவினூடே ‘ஷெப்பீல்டு’, ‘இங்கிலாந்து’ என்னும் சொற்கள் மாத்திரம் தெரிந்தன. நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், வாயில் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பொக்கை.

அது நமது பாட்டனாரின் கத்தி.

பாட்டனார் 1940ஆம் வருஷங்களில் ஜில்லா போர்டுப் பள்ளிக்கூடத்தில் தலைமை உபாத்தியாயராய் இருந்தவர். கதர் வேட்டி, கதர் ஜிப்பா. முகத்துக்கு மாத்திரம் ஷெப்பீல்டு. அவரைப் பற்றி நமது குடும்பத்தில் வழங்கும் கதை ஒன்று உண்டு. அவர் ஆயுளில் ஒருவரிடமும் முகத்தைக் கொடுத்து உட்கார்ந்ததில்லை. தமக்குத் தாமே சவரம் செய்துகொள்வார். தமது கத்தியைத் தாமே தீட்டிக்கொள்வார். எவர் தயவும் அவருக்கு வேண்டியிருந்ததில்லை என்பது அந்தக் கதை. இதைக் கேட்டே நாம் வளர்ந்தோம். போதாததற்கு, பல வருஷங்களாக வகுப்பில் ‘தன் கையே தனக்குதவி’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லும்போதெல்லாம், இந்தக் கத்தியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் வந்திருக்கிறோம். அப்படியிருக்க, அந்தக் கத்தியை நமது கையாலேயே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுவது என்று தீர்மானித்தோம். நமது மனைவியார், “முதலில் விரல்களை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

சவரக் கத்தியைப் பழுதுபார்க்கப் புகுவோர் முதலில் அறியவேண்டியது, அதன் முதுகு வெறும் முதுகல்ல என்பதாகும். மற்றக் கத்திகளைத் தீட்டும்போது எவ்வளவு சாய்த்துப் பிடிப்பது என்பதைக் கையே தீர்மானிக்க வேண்டும். சவரக் கத்தியிலோ அந்தப் பொறுப்பு கைக்கு இல்லை. முதுகும் வாயும் ஒரே சமயத்தில் கல்லில் படியும்படி கத்தியைப் படுக்க வைத்துத் தீட்டவேண்டும். முதுகின் கனமும் அலகின் அகலமும் சேர்ந்து வாயின் கோணத்தைத் தாமே நிர்ணயித்துவிடும். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் வாய் எள்ளளவு தேய்கிறது. முதுகும் கூடவே தேய்கிறது. ஆகவே ஐம்பது வருஷம் தீட்டினாலும் கோணம் பெரும்பாலும் மாறுவதில்லை.

கணக்கு வாத்தியார்கள் இதைச் சுலபமாய்ப் போட்டுப் பார்க்கலாம். முதுகின் கனத்தை அலகின் அகலத்தால் வகுத்து 57ஆல் பெருக்கினால், கோணம் ஏறக்குறைய எத்தனை பாகை என்பது வந்துவிடும். 5 மில்லிமீட்டர் முதுகும் 19 மில்லிமீட்டர் அகலமும் உள்ள கத்திக்கு 15 பாகை. அதே முதுகை வைத்துக்கொண்டு அகலம் மட்டும் 17 ஆகக் குறைந்தால் சுமார் 17 பாகை. 14 ஆகக் குறைந்துவிட்டால் 20 பாகைக்கு மேல். பதினைந்து பாகை கன்னத்தில் வழுக்கிக்கொண்டு போகும். பதினேழு பாகையும் பொறுத்துக்கொள்ளத் தக்கதே. இருபதைத் தாண்டினால் மயிரை அறுப்பதைவிட இழுப்பதே அதிகமாகும். பொக்கையைப் போக்குவதற்கு வாயைத் தேய்த்துக் குறைப்பதைத் தவிர வேறு உபாயமில்லை. அப்படிக் குறைத்தால் அகலம் குறையும். அகலம் குறைந்தால் கோணம் கூடும். தேய்த்துப் போக்கிய எஃகைத் திரும்ப ஒட்டவைக்க இந்த உலகத்தில் எந்தக் கொல்லராலும் முடியாது. ஆகவே கல்லைத் தொடுவதற்கு முன்னால் அளவுகோலைத் தொடவேண்டும்.

இந்தப் புத்தி நமக்கு முதலிலேயே வந்துவிடவில்லை. பழகிப் பார்ப்பதற்கென்று பழைய சாமான் கடையில் வேறொரு சவரக் கத்தியை வாங்கினோம். அதன் வாயிலும் பொக்கை. கையால் தேய்ப்பதற்குச் சோம்பல் பட்டு, தெருவில் சைக்கிளில் சாணைச் சக்கரம் வைத்துக்கொண்டு வந்தவரை நிறுத்தினோம். அவர் கத்தியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், அரிவாள்மனைக்குத்தான் இந்தச் சக்கரம். இது மெல்லிசு. தாங்காது” என்றார். படித்தவர்களுக்கு இருக்கும் பிடிவாதம் நமக்கும் உண்டல்லவா? “பரவாயில்லை, போடுங்கள்” என்றோம்.

பொறி பறந்தது. பார்ப்பதற்கு அழகாய்த்தான் இருந்தது. வாயோரத்தில் முதலில் வைக்கோலின் மஞ்சள் நிறம் தோன்றியது. பிறகு பழுப்பு, அதன் பின் ஊதா, கடைசியில் மயில் கழுத்தைப்போல் ஒரு நீலம். சக்கரத்தை நிறுத்துவதற்குள் கத்தி செத்துவிட்டது.

செத்துவிட்டது என்று நாம் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. சவரக் கத்தியின் எஃகில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் கரி கலந்திருக்கும். அதைச் சிவக்கக் காய்ச்சித் திடீரென்று குளிர வைத்தால் கண்ணாடியைப்போல் கடினமாகும். கண்ணாடியைப்போலவே நொறுங்கவும் செய்யும். அந்த நொறுங்கும் தன்மையைத் தணிப்பதற்காக மறுபடி இதமாய்ச் சூடு காட்டுவார்கள். நம் கொல்லர்கள் துவைச்சல் என்று சொல்லும் வித்தையின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. கொஞ்சம் சூடு காட்டினால் கடினமும் உறுதியும் சமமாய் அமையும். அதிகமானால் கடினம் போய்விடும். மஞ்சள் நிறம் தோன்றுவது சுமார் 220 டிகிரி சென்டிகிரேடில். நீலம் தோன்றுவது சுமார் 300 டிகிரியில். வாயின் ஓரமோ காகிதத்தைவிட மெல்லியது. அதில் பிறக்கும் சூடு போவதற்கு இடமில்லாமல் அங்கேயே தங்கி நொடிப்பொழுதில் நீலமாக்கிவிடுகிறது. அப்புறம் எத்தனை தீட்டினாலும் அந்த வாய் கூர் நிற்காமல் மடிந்து போகும். சாணைக்காரர் கூலியைப் பாதியாய்க் குறைத்துக்கொண்டார். தவறு அவருடையதல்லவாதலால் முழுக் கூலியையும் கொடுத்தனுப்பினோம்.

கையால் தேய்த்தால் இந்த அபாயமில்லை. கல்லில் நீர் இருக்கும் வரை கத்தி நம் விரலைவிட அதிகமாய்ச் சுடுவதில்லை. நீருக்கு இன்னொரு பிரயோஜனமும் உண்டு. ஷெப்பீல்டு நகரில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், உலர்ந்த சக்கரத்தில் சாணை பிடித்த தொழிலாளர்கள் கல்தூளையும் இரும்புத்தூளையும் சுவாசித்து, நுரையீரல் கெட்டு, நடுவயதைக் காணாமலே மாண்டிருக்கிறார்கள். அந்த ஊர்ப் பெயர் பொறித்த பழைய கத்தியைக் கையில் எடுப்பவர் இதையும் நினைத்துக்கொள்வது நலம். தூளை எப்போதும் ஈரமாகவே வைத்துக்கொள்வதும் நலம்.

ஷெப்பீல்டைப் பற்றிப் பேச்சு வந்ததனால் பாட்டனாரின் சமாதானம் ஒன்றைச் சொல்லவேண்டும். கதர் கட்டிக்கொண்டு சீமைக் கத்தி வைத்திருக்கலாமா என்று யாராவது கேட்டால், “எஃகு செய்யும் வித்தை இங்கிருந்து அங்கே போனது, வட்டியோடு திரும்பி வந்திருக்கிறது” என்பாராம். இது முழுதும் உண்மையுமல்ல, முழுதும் பொய்யுமல்ல. மூசையில் எஃகை உருக்கும் முறையை ஷெப்பீல்டில் 1740ஆம் வருஷங்களில் நிறுவியவர் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளி. கடிகார வில்லுக்கு நல்ல எஃகு கிடைக்காமல் தாமே முயன்று கண்டார். ஆனால் நமது நாட்டில் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னாலேயே மூசை எஃகு செய்து வந்தார்கள் என்பதும் உண்மை. ‘வூட்ஸ்’ என்று ஐரோப்பியர் அழைத்த அந்த எஃகைப் பற்றி ஜார்ஜ் பியர்ஸன் 1795ல் லண்டன் ராயல் சங்கத்தில் ஆராய்ச்சி வெளியிட்டார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்தி வியாபாரி அதில் மோகங்கொண்டு, மைக்கேல் பாரடேயுடன் சேர்ந்து 1820லும் 1822லும் கலப்பு எஃகைப் பற்றிய கட்டுரைகள் எழுதினார். மின்சார சாஸ்திரத்தின் தந்தை என்று நாம் போற்றும் அந்தப் பாரடே, தாம் செய்த எஃகில் சவரக் கத்திகள் செய்வித்து நண்பர்களுக்கு வெகுமதியாய் வழங்கினாரென்றால் ஆச்சரியமாயில்லையா?

இன்னும் கிட்டத்திலும் ஒரு சம்பந்தம் உண்டு. நமது பரங்கிப்பேட்டையில் 1830ஐ ஒட்டி இரும்புத் தொழிற்சாலை வைத்து நடத்தியவர் ஜோஸையா மார்ஷல் ஹீத். அவர் இங்கிலாந்துக்குத் திரும்பி, வார்ப்பு எஃகில் மாங்கனீஸைச் சேர்க்கும் முறைக்கு 1839ல் உரிமை பெற்றார். மலிவான இரும்பிலிருந்தும் நல்ல வார்ப்பு எஃகு செய்ய அது வழிகாட்டியது. ஷெப்பீல்டு முதலாளிகள் அதனால் பெரும் லாபம் அடைந்தார்கள். ஹீத்தோ தமது உரிமைக்காக வழக்காடியே ஏழையாய் இறந்தார். வித்தை ஒருவருடையதாகவும் பெயர் வேறொருவருடையதாகவும் இருப்பது இரும்புத் தொழிலில் புதிதல்ல போலும்.

போகட்டும், நமது கத்திக்கு வருவோம். முதற்காரியம் துருவைப் போக்குவது. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டுத் துடைத்ததில் மேலோட்டமான செந்துரு நீங்கிற்று. பிறகு நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புக்காகிதத்தை ஒரு சிறு மரக்கட்டையில் சுற்றி, 400ஆம் எண்ணில் ஆரம்பித்து 2000 வரை படிப்படியாய்ப் போனோம். தேய்க்கும்போது கை எப்போதும் முதுகிலிருந்து வாயை நோக்கிப் போகவேண்டும். வாயை எதிர்த்துப் போகக் கூடாது. இதை ஒரே ஒரு முறை மறந்தோம். மனைவியார் பஞ்சும் துணியும் கொண்டுவந்து கட்டினார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதுவே போதுமாயிருந்தது.

பிறகு விரிசல் உண்டா என்று பார்க்கவேண்டும். குழிவிழுந்த துருவை மன்னிக்கலாம். அது வாயை எட்டாதிருந்தால் போதும். விரிசலை மன்னிக்கவே கூடாது. விரிசல் விட்ட அலகு என்றைக்காவது ஒருநாள் முகத்திலேயே ஒடியும். பூதக் கண்ணாடியால் பார்த்ததில் விரிசல் இல்லை. ஆனால் பொக்கையைத் தவிர இன்னொரு குறை புலப்பட்டது. வாயை ஒரு கண்ணாடித் துண்டின்மீது நிறுத்தி விளக்குக்கெதிரே பிடித்தால், நடுவில் வெளிச்சம் கசிந்தது. வாய் நேராயில்லை, நடுவில் சுமார் ஒரு மில்லிமீட்டர் உள்வாங்கியிருந்தது.

இதற்கு என்ன செய்வதென்று தெரியாமல், கும்பகோணத்தில் பழைய கடை ஒன்று வைத்திருக்கும் வயோதிகரிடம் கொண்டுபோனோம். எண்பதை நெருங்கியவர். அவர் கடையிலும் இப்போது ஒருவருக்கு ஒரு பிளேடுதான். இரத்தத்தின் வழியே பரவும் நோய்களுக்கு அஞ்சி, எங்குமே பொதுக் கத்தியை விட்டுவிட்டார்கள், அது நியாயமும்கூட. ஆனால் அவர் தகப்பனாருடைய தோல்வார் மாத்திரம் இன்னும் சுவரில் தொங்குகிறது.

கத்தியை வாங்கியதும் அவர் பொக்கையைப் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரல் நகத்தால் முதுகின் இரு பக்கமும் தடவினார்.

“யார் தீட்டினது சார், இது?”

“எங்கள் தாத்தா.”

“அவர் நம்ம தொழிலா?”

“இல்லை. உபாத்தியாயர்.”

அவர் சிரித்தார். “அப்ப இதை இரண்டு பேர் தீட்டியிருக்காங்க. முதுகைப் பாருங்க. இரண்டு பக்கமும் ஒரே அகலத்துக்குத் தேய்ஞ்சிருக்கு, கழுத்திலிருந்து நுனி வரைக்கும். இருபது முப்பது வருஷம் தொழில் தெரிஞ்ச கை. வாய் நடுவிலே பள்ளம் விழுந்திருக்கே, அது வேறே கை. முதுகைக் கல்லிலே படிய விடாமல் தூக்கிப் பிடிச்சு, விரலை நடுவிலே வச்சு அழுத்தினால் இப்படித்தான் ஆகும். முதுகு தேயாது. வாய் மட்டும் தேயும். கோணமும் கெடும். கோவிச்சுக்காதீங்க சார், இதுதான் வாத்தியார் கை.”

நாம் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது அவர் வார்த்தை நெஞ்சில் உறுத்திக்கொண்டே வந்தது. மறுநாள் அத்தையிடம் போனோம். பாட்டனாரின் புதல்விகளில் இப்போது இருப்பவர் அவர் ஒருவரே. வயது எண்பத்துநான்கு, ஞாபகம் மாத்திரம் பதினெட்டு.

“தாத்தாவின் கத்தியை யார் தீட்டுவார்கள், அத்தை?”

“அப்பாதான் தீட்டுவார்” என்று வழக்கமான கதையையே ஆரம்பித்தார். பிறகு சிறிது யோசித்தார். “இல்லைடா தம்பி. அது கடைசி காலத்திலே. அதுக்கு முந்தி வாரத்துக்கு ஒருநாள் நாவிதர் வருவார். கொல்லைப்புறத்துக் கிணற்றடியிலே உட்கார்ந்து தீட்டுவார். கத்தியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறதும், வாங்கிவந்து கூடத்திலே அப்பாவிடம் தருவதும் என் வேலை. அவர் கூடத்துக்கு வரமாட்டார், வரக்கூடாது. அப்புறம் அவர் பிள்ளை எங்கேயோ பட்டணத்திலே கடை வைத்தான். அவரும் போய்விட்டார். அதுக்குப் பிறகுதான் அப்பா தாமே தீட்ட ஆரம்பித்தார். வாரமெல்லாம் முகத்திலே காயந்தான். கொஞ்ச நாளில் கத்தி கை தவறிக் கல்லில் விழுந்து வாய் போச்சு.”

“அவர் பெயர் என்ன, அத்தை?”

அத்தை வெகுநேரம் யோசித்தார். “பெயரா? நாவிதர் என்றுதான் சொல்வோம். பெயர் இருந்திருக்கும். யார் கேட்டார்கள்?”

கத்தி கூடம் வரையில் போகலாம். அதைக் கூராக்கியவர் போகக்கூடாது. இதுதான் அக்காலத்து முறை. வேறெங்கோ நடந்ததாயிருந்தால் இதைக் கண்டித்து நாம் அழகாய் ஒரு வியாசம் எழுதியிருப்போம். நம் வீட்டுக் கிணற்றடியில் நடந்திருக்கிறது. அதற்கு மேலே, பல வருஷங்களாக வகுப்பில் நின்றுகொண்டு, யார் தயவும் வேண்டாத ஒருவரின் கதை என்று அதையே சொல்லி வந்திருக்கிறோம். பாட்டனார் பொய் சொல்லியிருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை. கடைசி சில வருஷங்களைப் பார்த்த பிள்ளைகள் ஆயுள் முழுவதற்கும் அதை நீட்டிவிட்டார்கள். அவ்வளவுதான். ஆனால் அப்படி நீட்டியதில் ஒரு மனிதர் அடியோடு மறைந்துபோனார்.

இதன் பிறகு வேலையின் போக்கே மாறிவிட்டது. முன்பு நாம் போட்டிருந்த திட்டப்படி, முதுகையும் தேய்த்து மெருகிட்டு, கத்தியைக் கடையில் வாங்கியதுபோல் ஆக்கிவிடுவதாயிருந்தது. இப்போது முதுகில் உப்புக்காகிதம் படவிடுவதில்லை என்று முடிவு செய்தோம். அந்த மனிதர் இவ்வுலகில் விட்டுப்போன கையெழுத்து அது ஒன்றுதான். பொக்கையையும் பள்ளத்தையும் போக்குவது அவசியம். அவை போகாமல் கத்தி கத்தியாகாது. முதுகோ கெட்டுப் போகவில்லை. கெடாததைப் புதிதாக்குவானேன்?

வாயைக் குறைக்கும் வேலை மூன்று மாலைகள் பிடித்தது. 400ஆம் எண் கல்லை நீரில் நனைத்து, கத்தியைச் செங்குத்தாய் நிறுத்தி, வாய் கீழே படும்படி, ரம்பம் இழுப்பதுபோல் நீளவாட்டில் மெதுவாய் இழுத்தோம். கூரை ஆக்க வேண்டியவர் முதலில் அதை முழுக்க அழிக்கவேண்டியிருப்பது மனத்துக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பத்து இழுப்புக்கு ஒருமுறை கண்ணாடித் துண்டின்மேல் நிறுத்தி வெளிச்சம் பார்ப்போம். பள்ளம் முதலில் போயிற்று. பொக்கை கடைசியில் போயிற்று. அலகு 19 மில்லிமீட்டரிலிருந்து ஏறக்குறைய 17 ஆயிற்று. பதினேழு பாகை, தப்பித்தோம். இன்னும் மூன்று மில்லிமீட்டர் பொக்கை ஆழமாயிருந்தால், கத்தியை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அகலம் குறைந்ததில் வடிவமும் கெட்டது. கழுத்தை அடுத்த அடிமூலை கொக்கிபோல் துருத்திக்கொண்டு, கல்லில் படுக்க வைத்தால் வாயைப் படியவிடாமல் தடுத்தது. அதைச் சிறிது சிறிதாய் வளைவாக்கினோம். நுனி மூலையும் ஊசியாய் நின்றது; அதை அப்படியே விட்டால் காதுமடலைப் பதம் பார்க்கும். அதையும் சற்றே உருட்டிவிட்டோம்.

பிறகு தீட்டும் படலம். கல் சமமாயிராவிட்டால் வாயும் சமமாயிராது. ஆகையால் கல்லின்மேல் பென்சிலால் கட்டங் கிழித்து, சமமான கண்ணாடிப் பலகையில் ஒட்டிய ஈர உப்புக்காகிதத்தில் கோடுகளெல்லாம் அழியும் வரை அதைத் தேய்த்துக்கொண்டோம். வாயின் இரு சரிவிலும் கறுப்பு மை தடவி 1000ஆம் எண் கல்லில், முதுகும் வாயும் சேர்ந்து படிய, வாய் முன்னே செல்லும்படி தீட்டினோம். மை எங்கே அழிகிறதோ அங்கே கல் படுகிறது. எங்கே நிற்கிறதோ அங்கே படவில்லை. மாணவரின் விடைத்தாளைப்போல் இந்த மையும் வாத்தியாரின் குறையை ஒளிவுமறைவில்லாமல் காட்டிவிடும். அழுத்தினால் அலகு வளைந்து ஏமாற்றும்; கத்தியின் எடையும் கையின் எடையில் சிறிதும் இருந்தால் போதும். மை முழுதும் ஒருசீராய் அழிந்து, விளக்கின்கீழ் வாயை மேல்நோக்கிப் பிடித்தால் எங்கும் வெள்ளைக் கோடு மினுங்காதிருக்க ஐந்து நாள் சென்றன. அதன் பின் 4000, 8000 எண்களில் அரைமணி வீதம். கடைசியில் தோல்வாரில் அறுபது தடவை. கல்லில் வாய் முன்னே போகவேண்டும். தோலில் முதுகு முன்னே போகவேண்டும். மாறிப்போனால் தோலும் போயிற்று, கூரும் போயிற்று.

கைப்பிடியில் பூச்சி அரித்த பக்கத்தை எடுத்துவிட்டு, அதே அளவுக்கு நூக்க மரத்தில் ஒன்று செதுக்கினோம். மற்றப் பக்கம் பழைய கொம்பாகவே இருக்கிறது. இரண்டையும் கோத்து, பித்தளைக் கம்பியைத் தறையாணியாக்கிச் சிறு சுத்தியலால் பூப்போலத் தட்டி மூடினோம். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் செம்பழுப்பு. நமது புதல்வன் இதைப் பார்த்துவிட்டு, “இரண்டும் ஒன்றாயில்லையே, அப்பா?” என்றான். “ஒன்றல்லவே, அப்பா” என்றோம்.

வேலை முடிந்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு கும்பகோணம் போனோம். வயோதிகர் கட்டை விரலால் வாயைக் குறுக்கே மெல்லத் தொட்டார். முன்கையில் ஒரு மயிரை நறுக்கிப் பார்த்தார். சுவரில் தொங்கிய வாரில் இருபது தடவை தாமும் தீட்டினார். அந்தக் கை வாரில் போய்த் திரும்பிய லாகவத்தைப் பார்த்தபோது, அறுபது தடவை நாம் செய்ததென்ன என்பது விளங்கிவிட்டது.

“நீங்களே செய்துகொள்வீங்களா, நான் செய்யட்டுமா?” என்று கேட்டார்.

நமது குடும்பத்துக் கதை ஒரு கணம் குறுக்கே வந்து நின்றது. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கொடுத்தோம். சோப்பு நுரையின்மேல் கத்தி போகும் சப்தம், நன்றாய்க் காய்ந்த ஓலையை நகத்தால் வருடுவதுபோல் இருந்தது. இழுப்பு இல்லை, எரிச்சல் இல்லை. தாடையின்கீழ் ஓரிடத்தில் சற்றே கரகரத்தது. “பொக்கை இருந்த இடம். இன்னும் கொஞ்சம் கல் கேட்கிறது” என்றார் அவர். அப்படியே இரவல் கல்லை எடுத்துப் பத்துத் தடவை தீட்டினார். முதுகைக் கல்லில் படியவிட்டு, விரலைக் கழுத்தில் மாத்திரம் வைத்துக்கொண்டு. கவனித்துக்கொண்டோம்.

கூலி வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தோம். பிறகு அவருடைய பெயரைக் கேட்டோம்; தகப்பனார் பெயரையும் கேட்டோம். எதற்கு என்று வினவினார். பள்ளிக்கூடத்தில் ஒரு கதையைத் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றோம். அது அவருக்கு விளங்கியதோ என்னவோ, இரண்டு பெயரையும் நிதானமாய்ச் சொன்னார்.

பள்ளிக்கூடம் திறந்து முதல் வாரத்திலேயே கதையைத் திருத்திச் சொல்லிவிட்டோம். கத்தி இப்போது மெல்லிய எண்ணெய்ப் பூச்சுடன் புதுப் பெட்டியில் இருக்கிறது. பெட்டியின் மூடிக்குள்ளே, இதைத் தீட்டியவர்கள் யார் யார் என்று ஒரு காகிதத்தில் வரிசையாய் எழுதி ஒட்டியிருக்கிறோம். மூன்றாவது வரியில் கும்பகோணத்துப் பெரியவர். இரண்டாவது வரியில் பாட்டனார். முதல் வரிக்கு உரியவரின் பெயரைக் கிராமத்தில் விசாரித்தோம், நினைவுள்ளவர் யாருமில்லை. அந்த வரியைக் காலியாகவே விட்டிருக்கிறோம்.